ரூய்போஸ் ஊறும் நேரத்தில் நாட்குறிப்பு: டர்பன் ஈரக்காற்றுக்கு ஒரு செய்முறை

நாட்குறிப்பு எழுதுவதை விட்டவர்கள் மறுபடி தொடங்கும்போது முதலில் வாங்குவது தேதி அச்சிட்ட தடித்த டைரி. பத்து நாள் எழுதாமல் போனால் பத்து வெள்ளைப் பக்கமும் முறைத்துப் பார்க்கும்; பிறகு டைரி அலமாரிக்குப் போய்விடும். தேதி இல்லாத வெற்று நோட்டும், யாரும் பிடுங்க முடியாத ஏழெட்டு நிமிடமும் இருந்தால் இந்த வம்பு இல்லை. அந்த நிமிடங்களை மூலிகைத் தேநீர் தரும். தென்னாப்பிரிக்க மூலிகைகளான ரூய்போஸ் ஊற 7 நிமிடம், ஹனிபுஷ் கொதிக்க 20 நிமிடம். அடுப்பை விட்டு நகர முடியாது, செய்ய வேறு வேலையும் கிடையாது. எழுதுவதற்கு அதைவிடத் தோதான நேரம் வீட்டில் கிடைக்காது. எழுதியதே அடுத்த குவளையைச் சரியாகப் போடவும் உதவும்.

காகிதத்துக்கும் காய்ந்த இலைக்கும் தென்னாப்பிரிக்கக் கடலோர நகரமான டர்பனில் ஒரே பகை, ஈரக்காற்று. நவம்பர் முதல் மார்ச் வரை காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். நிலைத்து 65-70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஊரில் தை என்றால் பனி. இங்கே தைப்பூசக் காவடி எடுப்பது கொதிக்கிற கோடையில். ஆடி இங்கே குளிர்காலம், ஆண்டிலேயே வறண்ட பருவம். உள்நாட்டு மேட்டிலிருந்து இறங்கும் பெர்க் காற்று வீசும் நாளில் துணி ஒரு மணி நேரத்தில் காயும். ஆகவே நோட்டுத் தைப்பது, இலை காயவைப்பது இரண்டையும் ஆடி, ஆவணிக்கு ஒதுக்குங்கள். மீதி மாதங்களில் செய்ததைக் காப்பாற்றுவதே பெரிய வேலை. 200 ரேண்டுக்குள் ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி கிடைத்தால் வாங்கி, நோட்டும் ஜாடியும் இருக்கும் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். கூடத்தில் மாட்டினால் கூடத்தின் ஈரம்தான் தெரியும்.

நோட்டுத் தைத்தல்

கடையில் வாங்கும் நோட்டில் முதுகுப் பசை ஈரத்தில் இளகி, ஒன்றிரண்டு கோடையில் பக்கம் பக்கமாகக் கழன்று வரும். கம்பிச் சுருள் நோட்டு கழலாது, ஆனால் கடல் காற்றில் கம்பி துருப்பிடிக்கும். நூலால் தைத்து, முதுகில் பசையே போடாத கட்டுமுறைதான் இங்கே தாக்குப்பிடிக்கிறது. காப்டிக் தையல் என்று எகிப்தின் பழைய கிறிஸ்தவ ஏடுகளின் பெயரால் அறியப்படுவது அது. விரித்தால் மேசைமேல் முழுக்கப் படுத்துக்கொள்ளும். ஒரு கையில் குவளையை வைத்துக்கொண்டு எழுதலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தாளின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். காகித நார்கள் ஈரம் குடித்தால் அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் அநேகமாக மாறாது. இழை முதுகுக்கு இணையாக ஓடினால் பக்கம் வெளிப்பக்கமாக விரிந்து சமாளித்துக்கொள்ளும். முதுகுக்குக் குறுக்கே ஓடினால் தாள் மேலும் கீழுமாக உப்பப் பார்க்கும், தையல் விடாது, முதுகோரம் அலை அலையாக நெளிந்து நோட்டு மூடவே மறுக்கும். சாதாரண ஏ4 தாளில் இழை பெரும்பாலும் 297 மி.மீ. பக்கத்தோடு ஓடுகிறது. அதைப் பாதியாக மடித்து ஏ5 ஆக்கினால் முதுகு 210 மி.மீ. பக்கத்தில் வரும், இழை குறுக்கே போய்விடும். வீட்டில் தைத்த நோட்டுகள் கோணிக்கொண்டு நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். தைத்த கையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கு ஏ3 தாள் வாங்க வேண்டும், அதிலும் இழை 420 மி.மீ. பக்கத்தோடு ஓடுவது. அதை நடுவில் குறுக்கே வெட்டினால் இரண்டு ஏ4 கிடைக்கும். இரண்டிலும் இழை குட்டைப் பக்கத்தோடு ஓடும். மடிக்கும்போது முதுகுக்கு இணையாக வந்துவிடும். ஏ3 தாளில் இரண்டு விதமும் விற்கிறது, அதனால் ஒரு தாளை வாங்கிச் சோதியுங்கள். மடிக்காமல் இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் லேசாகப் பணியும்: வளைவின் கோடு எந்தத் திசையில் நிற்கிறதோ அதுவே இழை. சந்தேகமிருந்தால் ஓரத்தில் ஒரு துண்டு கிழித்து ஒரு முகத்தை மட்டும் நாக்கால் நனையுங்கள். துண்டு குழலாகச் சுருளும். குழலின் நீளம் இழையின் திசை.

கனம் 90 அல்லது 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்). பால்பாயிண்ட், பென்சில் மட்டும் போதுமென்றால் 80 ஜிஎஸ்எம் நகல் தாளே நன்றாக உழைக்கும். 24 ஏ3 தாளை வெட்டினால் 48 ஏ4; நான்கு நான்காக ஒன்றுக்குள் ஒன்று மடித்தால் 12 மடிப்புகள், 192 பக்கம். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் என்றால் ஓராண்டைத் தாண்டி வரும். மடிப்பை நகத்தால் தேய்த்தால் தாள் பளபளத்துப் போகும். மழுங்கிய கரண்டிக் காம்பு நல்லது.

துளை ஐந்து. 210 மி.மீ. முதுகில் மேலிருந்து 15, 60, 105, 150, 195 மி.மீ. இடங்களில் ஓர் அட்டைத்துண்டில் குறித்து, அதையே அளவுகோலாக ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் வைத்துக் குத்தூசியால் குத்துங்கள். கண்ணளவில் குத்தினால் பன்னிரண்டாவது மடிப்பில் முதுகு பாம்பாக வளைந்திருக்கும். மேலட்டைக்கு 2 மி.மீ. சாம்பல் அட்டை, 216 x 151 மி.மீ., இரண்டு. அட்டை மேலும் கீழும் 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருப்பதால் அதில் துளைகள் 18, 63, 108, 153, 198 என்று தள்ளி வரும். முதுகோரத்திலிருந்து 8 மி.மீ. உள்ளே.

அட்டைக்குத் துணி ஒட்டுகிறவர்கள் உட்புறமும் ஒரு தாள் ஒட்டியே ஆக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பசை காய்ந்து சுருங்கும்போது அட்டை அந்தப் பக்கம் வளைந்துவிடும். பிவிஏ என்னும் வெள்ளைப் பசை போதும். மைதா பசை வேண்டாம்: மாவு வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. பழைய பைண்டர்கள் மைதாவில் மயில்துத்தம் கலந்து பூச்சியை விரட்டியது உண்மை. ஆனால் துத்தம் நஞ்சு. தேநீர்க் குவளையோடு ஒரே மேசையில் புழங்கும் நோட்டுக்கு அது ஆகாது. ஒட்டியதைக் கனமான புத்தகங்களுக்கு அடியில், ஆடியில் ஓர் இரவு, தையில் இரண்டு இரவு வையுங்கள்.

தையலுக்கு 18/3 லினன் நூல், தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்தது. மொத்தம் 4 மீட்டர் தேவைப்படும், ஆனால் முழுசாக எடுத்தால் சிக்கு விழும். ஒன்றரை மீட்டராக எடுத்து, தீரும்போது மடிப்பின் உட்புறத்தில் முடிச்சிட்டு அடுத்ததைச் சேருங்கள். முதல் மடிப்பின் உள்ளிருந்து முதல் துளை வழியாக ஊசி வெளியே வரும், அட்டையின் துளைக்கு வெளிப்புறத்திலிருந்து உள்ளே நுழையும், மடிப்புக்கும் அட்டைக்கும் நடுவில் வந்து தன் நூலையே ஒரு சுற்றுச் சுற்றி, வந்த துளை வழியாகவே மடிப்புக்குள் திரும்பும். உட்புறமாகவே இரண்டாம் துளைக்கு நகர்ந்து அதே வேலை. ஐந்தாவது முடிந்ததும் அடுத்த மடிப்பை மேலே வைத்து ஏறுங்கள். மூன்றாவது மடிப்பிலிருந்து ஊசி வெளியே வரும் ஒவ்வொரு முறையும் கீழே இருக்கும் இரண்டு மடிப்புகளைச் சேர்க்கிற கண்ணிக்குப் பின்னால் நுழைந்து, அதே துளைக்குத் திரும்ப வேண்டும். முதுகில் சடைப்பின்னல் தானாகத் தெரிய வரும். கடைசி மடிப்பையும் கடைசி அட்டையையும் ஒன்றாகச் சேர்த்துத் தைக்கிறோம்.

நூலை இழுக்கும்போது முதுகின் திசையிலேயே இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் துளை கிழிந்து வாய் பிளக்கும். தொய்வாக விட்டாலும் தொல்லைதான்: ஈரத்தில் காகிதம் உப்பி, வறட்சியில் சுருங்கி, பருவத்துக்குப் பருவம் நூல் இன்னும் தளரும். மடிப்பை விரலால் அசைத்தால் அசையக் கூடாது, அட்டையைத் திறந்தால் தயங்காமல் திறக்க வேண்டும்.

மை: தேநீர் சிந்தும் என்று வைத்துக்கொண்டு

சமையல்கட்டில் எழுதும் நோட்டில் தேநீர் சிந்தாமல் இருக்காது. எழுத்து அதைத் தாங்குமா என்று முதலிலேயே பார்த்துவிடலாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வீட்டிலிருக்கும் ஒவ்வொரு பேனாவாலும் ஒரு வரி எழுதி, ஒரு நாள் காயவிட்டு, சொட்டுமருந்துக் குழாயால் வெந்நீர் ஒரு சொட்டு, ரூய்போஸ் ஒரு சொட்டு விடுங்கள். பால்பாயிண்ட் எண்ணெய்ப் பசையால் ஆனது, அசையாது. கறுப்பு ஜெல் பேனாவில் நிறமித் தூள் இருந்தால் நிற்கும், சாயமாக இருந்தால் கரையும். உறையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, சொட்டு விட்டால்தான் தெரியும். ஊற்றுப்பேனாவின் அலசினால் போகும் நீலம் ஒரே சொட்டில் மேகமாகிவிடும். 2பி பென்சிலுக்கு எந்தத் தண்ணீரும் பொருட்டில்லை. சமையல்கட்டுக் குறிப்புக்குப் பென்சில், இரவு எழுதும் பகுதிக்கு விருப்பமான பேனா என்று பிரித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

நம் பக்கத்துக் கடுக்காய் மை, கடுக்காய்த் துவர்ப்பும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்ந்து கறுத்தது. அதே வேதியியலைத் தேநீர் நோட்டில் வேண்டாமலே பார்க்கலாம். டீ பாக்கெட்டின் சீட்டை ஸ்டேப்ளர் பின்னைக் கொண்டு பக்கத்தில் குத்தி வைத்தால், கடல் காற்றில் பின் துருப்பிடித்து, அந்தத் துருவின்மேல் கறுப்புத் தேநீர் ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடம் மையாகக் கறுக்கும். பின்னைக் கழற்றிவிட்டு ஒட்டுங்கள். கடை ரசீதை ஒட்டுவதும் வீண்: வெப்பத்தால் அச்சாகும் தாள், சில மாதங்களில் வெளிறி எழுத்தே காணாமல் போகும். விலையையும் வாங்கிய நாளையும் கையால் எழுதிவிடுங்கள்.

செம்பருத்தித் தேநீர் சிந்தினால் வேடிக்கை. குவளையில் இரத்தச் சிவப்பு. தாளில் பட்டதும் சில நிமிடத்தில் நீலச் சாம்பலாக மாறும். இன்றைய தாள்களில் சுண்ணாம்புக் கார்பனேட் நிரப்பியாகக் கலந்திருக்கிறது; பூவின் நிறமி அமிலத்தில் சிவப்பு, காரத்தில் நீலம். கறை சிவப்பாகவே நின்றால் தாள் அமிலத் தாளாக இருக்க வாய்ப்பு அதிகம். அது சில ஆண்டுகளில் மஞ்சளித்து நொறுங்கும் ரகம். தாள் வாங்குமுன் மாதிரித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

குவளைக்குள்

கரண்டி அளவை நம்பி எழுதிய குறிப்பு யாருக்கும் உதவாது. ரூய்போஸ் ஊசி ஊசியாக அடர்ந்து உட்காரும், காய்ந்த புதினா பொசுபொசுவென்று நிற்கும். ஒரே கரண்டியில் எடை மூன்று மடங்கு வரை மாறும். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். சமையலறைத் தராசு 1 கிராமுக்குக் கீழே பார்க்காது. 2 கிராம் போடும் இடத்தில் 1 கிராம் பிசகு என்றால் பாதிக்குப் பாதி.

ரூய்போஸ் தேயிலைச் செடியே கிடையாது. பட்டாணிக் குடும்பத்துப் புதர். மேற்குக் கேப்பின் செடர்பெர்க் மலைப்பகுதியையும் அதை ஒட்டிய வடக்குக் கேப் விளிம்பையும் தவிர வேறெங்கும் வணிகத்துக்கு விளைவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் அந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு கொடுத்துவிட்டது. கோடையில் அறுத்து, நறுக்கி நசுக்கி, தண்ணீர் தெளித்துக் குவித்து வைக்கிறார்கள். பச்சை இலை குவியலுக்குள் வியர்த்துச் சிவக்கும். பிறகு வெயிலில் பரப்பிக் காயவைப்பது. காஃபீன் இல்லை, துவர்ப்பு மிகக் குறைவு. அதனால் ஊறுவது அதிகமானாலும் கறுப்புத் தேநீர்போல நாக்கைப் பிடிக்காது. எழுத உட்கார்ந்தால் மறந்துவிடுகிறவர்களுக்கு இதைவிடப் பொறுமையான இலை கிடையாது.

இங்கே விற்கும் 80 பைப் பெட்டியின் எடை 200 கிராம், ஆக ஒரு பை 2.5 கிராம். வெறும் தேநீருக்கு 200 மி.லி.க்கு அந்த 2.5 போதும். பால் ஊற்றுவதென்றால் 3.5 கிராம், இல்லையென்றால் பால்தான் மிஞ்சும். தளதளவெனக் கொதிக்கும் நீர், 7 நிமிடம், மூடி. 3 நிமிடத்தில் எடுத்தால் நிறம் இருக்கும், திடம் இருக்காது. 15 நிமிடத்தைத் தாண்டினால் கசக்காது, மர வாசம் தூக்கும். ஜோகன்னஸ்பர்க் உறவினர் வீட்டில் அதே பை சப்பென்று இருக்கிறதென்றால் இலையைப் பழிக்காதீர்கள்: அந்த ஊர் 1,700 மீட்டருக்கு மேல், தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அங்கே 10 நிமிடம் விடுங்கள், அல்லது பாத்திரத்தில் இட்டு ஒரு கொதி விடுங்கள். சிவக்காத பச்சை ரூய்போஸும் கிடைக்கிறது. வைக்கோல் வாசம், வெளிர் மஞ்சள், பாலுக்கு ஒத்துவராது.

ஹனிபுஷ் வேறு சாதி. லாங்க்ளூஃப் பக்கத்து மலைகளில் வளரும் சைக்ளோப்பியா இனப் புதர். பூவில் தேன் வாசம். ஊறவிட்டால் மட்டும் போதாது, இளந்தீயில் கொதிக்க வேண்டும். 600 மி.லி. தண்ணீருக்கு 6 கிராம், மூடி போட்டு 20 நிமிடம். மூடாமல் கொதித்தால் கால்வாசி ஆவியாகி, கணக்கு முழுக்கத் தப்பும். சர்க்கரை வேண்டாத இனிப்பு இதற்குத் தானாக இருப்பதால், புரட்டாசி விரதத்தில் வீட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுக்க ஏற்றது.

பூக்கு இலை கேப் பகுதியின் பழைய மருந்து. வாசம் தூக்கலானது, புதினாவும் பிளாக்கரண்ட் பழமும் சேர்ந்தது போல. 200 மி.லி.க்கு அரை கிராம், மூடி, 5 நிமிடம். ஒரு கிராம் போட்டால் குடிக்க முடியாது. சிறுநீரைப் பெருக்கும், கர்ப்பிணிகளும் சிறுநீரக நோய் உள்ளவர்களும் தொடக்கூடாது. ரூய்போஸ் 2 கிராமோடு பூக்கு 0.2 கிராம் சேர்த்தால் மருந்து வாசம் போய் நல்ல தேநீராகிவிடும்.

வீட்டுக் கொல்லையில் இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம், எல்லாருக்கும் தெரிந்ததுதான். இலையும் பூவும் ஊற வேண்டும். வேர், பட்டை, விதை கொதிக்க வேண்டும். துளசி, புதினா, எலுமிச்சைப்புல் மூன்றுக்கும் மூடி கட்டாயம், வாசம் ஆவியோடு போகிற எண்ணெய். சுக்கு 2 கிராம், தட்டிய மல்லி 3 கிராம், 400 மி.லி. தண்ணீர், 300 ஆக வற்றும்வரை. செம்பருத்தி புளிப்பு என்பதால் அலுமினியப் பாத்திரம் ஆகாது. எந்த இலையையும் மின்கெட்டிலுக்குள் போடாதீர்கள். பூக்கு வாசம் ஏறிய கெட்டில் அப்புறம் பூக்கு கெட்டில்தான்.

லோட்ஷெடிங் என்னும் மின்வெட்டு நாளுக்குப் பிளாஸ்க். வெந்நீர் ஊற்றி 5 நிமிடம் சூடேற்றிக் கொட்டிவிட்டு, ஒரு லிட்டருக்கு ரூய்போஸ் 8 கிராம். வழக்கமான கணக்கைவிடக் குறைவுதான், நெடுநேரம் ஊறுவதால் சரியாக இருக்கும். துளசி, புதினாவைப் பிளாஸ்கில் அடைத்தால் மூன்றே மணி நேரத்தில் வெந்த கீரை வாசம்.

டர்பனின் வார்விக் மூத்தி (நாட்டு மருந்து) சந்தையில் மூலிகை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: குடிக்கவா, குளிக்கவா, புகைக்கவா? அங்கே குவிந்திருப்பதில் பெரும்பகுதி ஜூலு வைத்தியத்துக்கும் சடங்குக்கும் உரியது. இம்பெஃபோ கட்டு முன்னோர் வழிபாட்டுப் புகைக்கு. பார்க்க அழகான காய்ந்த பூ என்று தேநீரில் போடுவது தவறு. பெயர் தெரியாத வேரைக் கஷாயம் வைக்காதீர்கள். அதிமதுரம் தினசரி குடித்தால் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். இளைக்கவைக்கும் தேநீர் என்று விற்கும் பெட்டியில் நிலாவாரை (சென்னா) இருக்கிறதா என்று பாருங்கள், அது பேதி மருந்து. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் புது மூலிகைக்கு முன் மருந்தாளுநரிடம் கேட்பது நல்லது.

பக்கம் எப்படி இருக்க வேண்டும்

இடது பக்கம் தேநீருக்கு, வலது பக்கம் நாளுக்கு. கட்டம் கட்டிப் பத்தி பிரித்தால் முதல் வாரம் அழகாக இருக்கும், பிறகு வெறுப்பு வரும். ஒரே வரிசையில் தொடர்ந்து எழுதுவது நீடிக்கிறது. ஒரு மாதிரி:

«ஆடி 12. அலமாரி ஈரம் 54. ஹனிபுஷ் 6 கி., 600 மி.லி., மூடி, இளந்தீ 20 நி. வடித்தது 540. நிறம் செம்பழுப்பு. தேன் வாசம் முதல் வாயில், பின்னால் மரம். அடுத்து: 15 நி., மற்றது அப்படியே.»

கடைசி வார்த்தைகள்தான் இந்த நோட்டின் உயிர். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். எடையையும் நேரத்தையும் ஒன்றாக மாற்றிவிட்டு நன்றாக வந்தால் எது காரணம் என்று தெரியாது, நன்றாக வராவிட்டாலும் தெரியாது. வடித்த அளவைக் குறிப்பதை விடாதீர்கள். மூடி சரியாக உட்காராத நாளை அந்த எண்தான் காட்டிக்கொடுக்கும். «நன்றாக இருந்தது» என்று மட்டும் எழுதிய வரி ஆறு மாதம் கழித்து ஒன்றும் சொல்லாது. புளிப்பு, துவர்ப்பு, வாசம், நாக்கில் நின்ற நேரம் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்து எழுதுங்கள்.

வலது பக்கத்துக்கு நான்கு வரி உச்சவரம்பு. கூடினால் மறுநாள் எழுதப் பயம் வரும். தேநீர் ஆறுமுன் முடிய வேண்டும் என்பதே கெடு. ஒரு நாள் விட்டுப்போனால் நிரப்பாதீர்கள். அடுத்த தேதியைப் போட்டு அடுத்த வரியிலேயே தொடருங்கள். முன்பக்கத்தில் இரண்டு தாளை வெறுமையாக விட்டு, பக்க எண்ணோடு பொருளடக்கம் போட்டுக்கொண்டால் «போன வருடம் இருமலுக்குப் போட்டது என்ன» என்று தேட வசதி.

உலர்த்துதல், அடைத்தல்

பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுமுன் பறிக்கவும். 100 கிராம் புதினா காய்ந்தால் 15 கிராம் அளவில் நிற்கும். அதைவிட மிக அதிகமாக இருந்தால் இன்னும் ஈரம் பாக்கி. வலைத்தட்டில் ஒரே அடுக்காக, நிழலில், காற்றோட்டத்தில் வையுங்கள். ஆடியில் நான்கைந்து நாள். கோடையில் எத்தனை நாள் வைத்தாலும் இலை சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமனாகி அங்கேயே நின்றுவிடும், வதங்கும், மொறுக்காது. அப்போது ஓவன் அடுப்புதான் வழி: ஆகக் குறைந்த சூடு, 50 டிகிரியைத் தாண்டாமல், கதவிடுக்கில் மரக்கரண்டி செருகி ஈரம் வெளியேற இடம் விட்டு, மூன்று மணி நேரம். இலை கையில் நொறுங்க வேண்டும், காம்பு மடங்காமல் ஒடிய வேண்டும். இலை நொறுங்கி, காம்பு வளைந்தால் முடியவில்லை.

உடனே நிரந்தரமாக அடைக்காதீர்கள். கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி ஒரு நாள் விடுங்கள். உட்சுவரில் பனிபோல் படிந்தால், அல்லது மொறுமொறுத்த இலை மறுபடி துவண்டால், காம்புக்குள் ஒளிந்திருந்த ஈரம் வெளியே வந்திருக்கிறது, மீண்டும் ஓவனுக்கு. தேறினால் ஜாடியை வாய்வரை நிரப்பி, ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. அரிசிமணி போடுவது உப்புக் குப்பிக்கு வேண்டுமானால் சரி, இலைக்குப் போதாது. ஜாடியில் பெயரும் நாளும் எழுதி, அதே நாளை நோட்டிலும் எழுதிவிடுங்கள். மசாலா அலமாரியில் வைக்கவே கூடாது: விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்த மிளகாய் மசாலாவுக்குப் பக்கத்தில் ஒரு மாதம் இருந்த ரூய்போஸ் மசாலாத் தேநீராகிவிடும். நோட்டில் பூச்சிக்கு வசம்பு வைக்கும் வழக்கம் இருந்தால் அந்த நோட்டும் ஜாடியும் தனித்தனித் தட்டில்.

நனைந்தால்

தேநீர் கொட்டினால் துடைக்காதீர்கள், ஒற்றி எடுங்கள். துடைத்தால் நனைந்த தாளின் மேல்நார் பிய்ந்து எழுத்தும் வரும். பால், சர்க்கரை சேர்ந்திருந்தால் காயவிடுமுன் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எறும்பும் பூஞ்சையும் அந்த இடத்தைத் தேடி வரும். பிறகு பத்துப் பக்கத்துக்கு ஒரு சமையலறைத் தாள் இடையில் வைத்து, நோட்டை விசிறிபோல விரித்து நிற்கவைத்து, மின்விசிறிக்கு எதிரில் வையுங்கள். ஒரு மணிக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். ஹேர் டிரையர் அடித்தால் மேல்தாள் சுருண்டு, உள்தாள் ஈரமாகவே நிற்கும். லேசாகக் குளிர்ந்த ஈரம் மட்டும் மிஞ்சும்போது மூடி, இரண்டு பலகைக்கு நடுவில் கனம் ஏற்றினால் நெளிவு பெருமளவு போகும்.

2022 ஏப்ரல் வெள்ளம் போல் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்து பல நோட்டுகள் ஒன்றாக நனைந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் உலர்த்த முடியாது. இரண்டு நாளில் பூஞ்சை முளைக்கும். சேற்றைச் சுத்தமான தண்ணீரில் மூடிய நிலையிலேயே அலசி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் முதுகு கீழாக அடுக்குங்கள். உறைந்தது அழுகாது. நிலைமை சீரான பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, மேலே சொன்னபடி காயவைத்தால் போதும். காப்டிக் தையல் நோட்டென்றால் இன்னும் சுலபம்: நூலை அறுத்து மடிப்புகளைத் தனித்தனியாகக் கொடியில் போட்டு, காய்ந்ததும் பழைய துளையிலேயே மறுபடி தைத்துவிடலாம்.